உறிஞ்சும் பக்கம்

ஆரணியில் தறி வீடுகள் நெருங்கி நிற்கும் தெருக்களில் வண்டிக்கென்று தனி இடம் கிடையாது. திண்ணையை ஒட்டி ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் நிற்கும். கொஞ்சம் கை நிமிர்ந்த வீடு என்றால் ஒரு பழைய ஆம்னி. நெல் மண்டிக்கும் அரிசி ஆலைக்கும் ஓடுகிறவர் வீடு என்றால் ஒரு டாடா ஏஸ். பாவும் ஊடையும் வருவதும், நெய்து முடித்த சேலை முதலாளி வீட்டுக்குப் போவதும் இந்த வண்டிகளில்தான். வண்டி ஒரு நாள் படுத்தால் வேலையும் ஒரு நாள் பிந்தும். அதனால் சின்னச் சின்னப் பராமரிப்பை வீட்டிலேயே முடித்துக்கொள்ளும் பழக்கம் இங்கே பலருக்கும் உண்டு.

எஞ்சின் ஆயில் மாற்றுவதில் சிரமம் எதுவும் இல்லை. அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றினால் பழையது வழிந்துவிடும். மேலே மூடியைத் திறந்து புதியதை ஊற்றலாம். பாதி வேலையைப் புவியீர்ப்பே செய்துகொடுத்துவிடுகிறது. சிக்கல் ஆம்னியின் பின் அச்சில் ஆரம்பிக்கிறது. அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் பகுதிக்குள் கிரவுன் சக்கரம் சுழல்கிறது. அதற்கு எண்ணெய் ஊற்றும் துவாரம் பக்கவாட்டில் இருக்கிறது. வண்டி சமதளத்தில் நிற்கும்போது எண்ணெய் அந்தத் துவாரத்தின் கீழ் விளிம்பு வரை நிற்க வேண்டும், அதுவே அளவு. வண்டிக்கடியில் மல்லாந்து படுத்திருப்பவருக்குக் கேனைக் கவிழ்க்க இடமில்லை, புனலும் நிற்காது. எண்ணெயைக் கீழிருந்து மேலே ஏற்றி, பக்கவாட்டுத் துவாரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். கை பம்பின் தேவை இங்கேதான் வருகிறது.

உதிரிபாகக் கடையில் கேட்டால் நாலைந்து வகை எடுத்துப் போடுவார்கள். என்ன விலை, ஒரு அடிக்கு எவ்வளவு தள்ளும் என்றுதான் நாம் முதலில் விசாரிப்போம். உண்மையில் கேட்க வேண்டியவை வேறு. எந்தத் திரவத்துக்கு? அது பம்புக்குள் நுழைகிற வழி எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம்? உள்ளே இருக்கும் ரப்பர் எந்த ரகம்? இந்த மூன்றும் தெரிந்தால் விலை கடைசியில் வரும் விஷயம்.

நுழையும் வழிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? பம்பு எந்தத் திரவத்தையும் இழுப்பதில்லை என்பதுதான் காரணம். கைப்பிடியை இழுக்கும்போது பம்பின் உள்ளே இடம் பெரிதாகி, அங்கே அழுத்தம் குறைகிறது. கேனில் இருக்கும் எண்ணெயின் மேற்பரப்பை வெளிக்காற்று எப்போதும்போல் அழுத்திக்கொண்டிருக்கிறது. உள்ளே எதிர்ப்பு குறைந்ததும் அந்தக் காற்றுதான் எண்ணெயைக் குழாய்க்குள் ஏற்றிவிடுகிறது. கேனின் வாயைக் காற்றுப் புகாமல் இறுக மூடிவிட்டுப் பம்பு அடித்துப் பாருங்கள். நாலைந்து அடிக்குள் கேன் உள்பக்கமாக ஒடுங்கும், எண்ணெய் வருவது நின்றுபோகும். பம்பில் பழுது எதுவும் இருக்காது. தள்ளுவதற்கு உள்ளே போதிய காற்றழுத்தம் இல்லை, அவ்வளவுதான்.

உறிஞ்சு பம்பு தண்ணீரை ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் ஏற்றுவதில்லை என்பதைக் கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்தார். காரணத்தைக் கண்டது அவருடைய சீடர் டாரிசெல்லி. வளிமண்டலத்தின் எடை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு உயரத்துக்குத்தான் திரவம் ஏறும் என்று 1644-இல் அவர் விளக்கினார். கடல்மட்டத்தில் தண்ணீருக்கு அந்த எல்லை 10.3 மீட்டர். ஆரணி சுமார் 150 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே அது கொஞ்சம்தான் குறையும். உதகமண்டலத்துக்குப் போனால் 8 மீட்டரோடு நின்றுவிடும்.

இந்த எல்லையைத் தாண்டிய கருவி நம் தெருமுனைகளிலேயே நிற்கிறது. அரசு போட்ட அந்த அடிபம்பின் பெயர் இந்தியா மார்க் 2. பாறை நிலங்களில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய 1970-களில், யுனிசெஃப் நிறுவனத்தின் ஆதரவோடு, சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் அதை உருவாக்குவதில் முக்கியப் பங்கு வகித்தது. கோவை வட்டாரக் கிராமங்களில் சோதித்துப் பார்த்தார்கள். நீர்மட்டம் 30, 40 மீட்டர் ஆழத்தில் இருந்தாலும் அது தண்ணீர் தரும். எப்படி? அதன் சிலிண்டர் தரைக்கு மேலே இல்லை, கிணற்றுக்குள் நீருக்கடியில் இருக்கிறது. கைப்பிடியோடு இணைந்த நீண்ட கம்பி கீழே இருக்கும் பிஸ்டனை ஏற்றி இறக்க, தண்ணீர் கீழிருந்து மேலே உந்தப்படுகிறது. உறிஞ்சும் தூரம் அநேகமாகப் பூஜ்யம். உந்தும் தூரத்துக்கு வளிமண்டலம் எல்லை போடுவதில்லை. கையின் பலமும் இரும்பின் பலமும்தான் எல்லை.

ஆழ்துளைக் கிணற்றுக்குப் பொருந்தும் இந்த விதி ஒரு லிட்டர் கியர் ஆயிலுக்கும் அப்படியே பொருந்துகிறது. உறிஞ்சும் பக்கத்தில் நம்மிடம் இருக்கும் கைமுதல் ஒரே ஒரு வளிமண்டல அழுத்தம். எவ்வளவு பலசாலி இழுத்தாலும் அதற்கு மேல் ஒரு காசு கூடாது. அதைத் திரவத்துக்குத் திரவம் வெவ்வேறு விதமாகச் செலவழிக்கிறோம்.

கியர் ஆயிலிடம் அது உராய்வில் கரைகிறது. திரவத்தின் பிசுக்குத்தன்மையைச் சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். 40 டிகிரி வெப்பத்தில் பெட்ரோலுக்கு அது ஒன்றுக்கும் கீழே. டீசல் 2-க்கும் 4.5-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. 10டபிள்யூ-30 எஞ்சின் ஆயிலுக்கு 70 அளவில் வரும். 80டபிள்யூ-90 கியர் ஆயிலுக்கு 140 அளவில். பெட்ரோலோடு ஒப்பிட்டால் கியர் ஆயில் இருநூறு மடங்குக்கு மேல் பிசுக்கானது. இரண்டுக்கும் ஒரே பம்பு என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் அதை நான் நம்ப மாட்டேன்.

குழாயின் அகலம் இந்த இடத்தில் பெரிய வேலை செய்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹாகன் 1839-இலும், பாரிஸ் மருத்துவர் புவாசேய் 1840-இலும் தனித்தனியே ஒரு விதியைக் கண்டார்கள். புவாசேய் ஆராய்ந்தது நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஓட்டம் எப்படி நடக்கிறது என்பதை. பிசுக்கான திரவம் குழாயில் அமைதியாக ஓடும்போது, அதன் அளவு குழாய் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்கிறது விதி. உள்விட்டம் இரண்டு மடங்கானால் ஓட்டம் 16 மடங்காகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெப்பம் 30 டிகிரி, குழாய் ஒரு மீட்டர் நீளம், கையால் இழுத்துப் பாதி வளிமண்டல அளவுக்கு வெற்றிடம் உண்டாக்குகிறோம். உள்விட்டம் 6 மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர் கியர் ஆயில் உள்ளே வர இரண்டு நிமிடம் சொச்சம் ஆகும். 4 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 12 நிமிடம். 12 மில்லிமீட்டர் என்றால் பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். கடையில் தொங்கும் மலிவான பம்புகளின் மெல்லிய குழாயைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வர வேண்டும். பம்பு பெரிதாக இருந்து குழாய் மெல்லியதாக இருந்தால் காசு போனதுதான் மிச்சம். போதாக்குறைக்கு, மெல்லிய பிவிசி குழாய் வெற்றிடத்தில் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். சுவர் தடித்த குழாயாகவோ உள்ளே கம்பி ஓடும் குழாயாகவோ இருக்க வேண்டும்.

ஆரணியின் வெயிலும் இதற்கு உதவும். மார்கழிக் காலையில் 20 டிகிரியில் இருக்கும் கியர் ஆயில் கேனை மூடி திறக்காமல் வெயிலில் வைத்து, எண்ணெய் 45 டிகிரிக்கு வந்தபின் எடுத்தால் அதன் பிசுக்கு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கும். செலவில்லாத உதவி இது.

பெட்ரோலின் குணம் நேர் எதிர். உராய்வு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 38 டிகிரி அளவில் அதன் ஆவியழுத்தம் வளிமண்டலத்தில் பாதியைத் தாண்டக்கூடும். உறிஞ்சும் குழாயில் அழுத்தத்தை அதற்கும் கீழே இறக்கினால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். பம்பு ஆவியை அடித்துக்கொண்டிருக்கும், திரவம் வராது. சித்திரை வெயிலில் வேகவேகமாகப் பம்பு அடிப்பவர்களுக்கு இது நடக்கும். பெட்ரோலுக்கு மெதுவான அடி போதும். அதைவிட நல்லது, பம்பு குழாயை நிரப்பிக் கொடுத்த பிறகு கீழ்நோக்கிச் சரிவாக ஓடவிடும் சைபன். அரை மீட்டர் உயர வித்தியாசத்தில், 6 மில்லிமீட்டர் குழாயில் ஒரு லிட்டர் பெட்ரோல் அரை நிமிடத்தில் இறங்கிவிடும். கியர் ஆயிலை அதே சைபனில் விட்டால் 25 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

கையால் அமுக்கும் பல்பு வைத்த பிளாஸ்டிக் சைபன் பம்பு பெட்ரோல், டீசல், கூலண்ட் ஆகியவற்றுக்குப் போதும். கியர் ஆயிலுக்கு ஆகாது. பேரலில் பொருத்திச் சுற்றும் கை பம்பு 200 லிட்டர் பேரல் வாங்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் அரிசி ஆலைக்கும் உரியது, வீட்டுக்குத் தேவையில்லை. கேனின் கழுத்தில் திருகி மேலே அமுக்கும் பம்பு பரவாயில்லை. அதன் சிலிண்டர் கேனுக்குள் எண்ணெயில் முழுகியிருக்கிற வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். மார்க் 2 பம்பின் தத்துவமே அதுதான்: உறிஞ்சுவது குறைவு, உந்துவது அதிகம்.

பின் அச்சுக்கு என் தேர்வு ஆயில் சிரிஞ்சு, அதாவது அரை லிட்டர் கொள்ளும் உலோகக் குழலும் இழுத்துத் தள்ளும் பிஸ்டனும். பழைய சரக்குப் போல எளிமையாகத் தோன்றும், ஆனால் இதன் தலையைக் கழற்றி எண்ணெயை நேராக உள்ளே ஊற்றிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் உறிஞ்சும் வேலையே கிடையாது. தலையை மாட்டி, வளையும் குழாயைத் துவாரத்துக்குள் விட்டு, தள்ளினால் போதும். தலை கழலாத ரகமானால், நீளக் குழாயை எடுத்துவிட்டு வெறும் மூக்கை எண்ணெயில் முக்கி இழுக்க வேண்டும். குழாயைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம். 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனை முழு வெற்றிடத்துக்கு எதிராக இழுக்க 16 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். அதனால் பிஸ்டன் பெரிதாகப் பெரிதாக நல்லது என்றும் எண்ண வேண்டாம். வண்டிக்கடியில் படுத்த நிலையில் கைக்கு அவ்வளவு வலு கிடைக்காது. ஒன்று சொல்லியாக வேண்டும்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகக் கூடாது. நாலு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே போக வேண்டும்.

எந்தப் பம்பானாலும் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். எண்ணெய் நுழையும் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியைப் பாதி இழுத்துப் பிடியுங்கள். பத்து விநாடி கழித்து விடுங்கள். கைப்பிடி தானாகத் திரும்பி உள்ளே ஓடினால் வாஷரும் வால்வும் நன்றாக இருக்கின்றன. இழுத்த இடத்திலேயே நின்றால் எங்கோ காற்று புகுந்திருக்கிறது. அடுத்ததைக் கேளுங்கள்.

ரப்பர் விஷயத்துக்கும் கோவையிலிருந்து ஒரு பாடம் வருகிறது. மார்க் 2 அடிபம்பின் பிஸ்டனில் முதலில் தோல் வாஷர்தான் இருந்தது. அது சீக்கிரம் தேய்ந்தது. மாற்றுவதற்குக் கம்பியையும் குழாயையும் மேலே எடுக்க வேண்டியிருந்தது. 1980-களில் கோவை மாவட்டத்தில் நடந்த நீண்ட கள ஆய்வில் தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பரைப் போட்டுப் பார்த்தார்கள். அது பல மடங்கு உழைத்தது. பிறகு வந்த மார்க் 3 பம்பில் நைட்ரைல் வாஷரே இடம்பிடித்தது.

அதே நைட்ரைல்தான் எண்ணெய்ப் பம்புகளுக்கும் உரிய ரப்பர். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், டீசல் எல்லாவற்றையும் அது தாங்கும். ஆனால் பிரேக் ஆயிலில் அது ஊறி உப்பும். வண்டிகளில் நாம் ஊற்றும் டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் ஈதர் சேர்மங்கள். பெட்ரோலிய எண்ணெய்க்கும் அவற்றுக்கும் உறவே இல்லை. பிரேக் சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற வேறு ரப்பர். அதற்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது. கியர் ஆயில் தள்ளிய பம்பால் பிரேக் ஆயிலை மாற்றினால் பம்பின் அடியில் தங்கிய சில சொட்டு எண்ணெய் பிரேக் பக்கம் போய்ச் சேரும். வாஷர்கள் உப்பும், பிரேக் இறுகும் அல்லது பிடிக்காமல் போகும். எவ்வளவு துடைத்தாலும் பம்பின் மூலைகளில் கொஞ்சம் தங்கியே தீரும். ஆகவே இரண்டு திரவத்துக்கும் ஒரே பம்பு கூடவே கூடாது. பிரேக் டப்பாவிலிருந்து பழையதை எடுக்க மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சு போதும். வேலை முடிந்ததும் எறிந்துவிடலாம். சிரிஞ்சு ஈரமாக இருக்கக் கூடாது. புதிய டாட் 4 பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. நூற்றுக்கு நாலு பங்குக்கும் குறைவான நீர் சேர்ந்தாலே அந்த உத்தரவாதம் 155 டிகிரிக்கு இறங்கிவிடும்.

பெட்ரோலுக்கு வரும்போது ஆரணிக்கென்றே ஒரு தனி எச்சரிக்கை இருக்கிறது. இதைத்தான் இந்த அத்தியாயத்திலேயே முக்கியமானதாக நினைக்கிறேன். பல வீடுகளில் இன்னமும் குழித்தறிதான். நெய்பவர் தரை விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிபலகையை மிதிப்பார். பெட்ரோல் ஆவி காற்றைப் போல மூன்று நான்கு மடங்கு கனமானது. திண்ணையில் பெட்ரோல் சிந்தினால் அதன் ஆவி மேலே போகாது. படி இறங்கி, தரையோடு தவழ்ந்து, வீட்டிலேயே தாழ்வான இடத்தைத் தேடிப்போய்த் தங்கும். தறிக்குழிதான் அந்த இடம். காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு பெட்ரோல் ஆவி கலந்தாலே தீப்பிடிக்கும். அரை கன மீட்டர் குழி என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 40 மில்லி பெட்ரோல் ஆவியானால் போதும், ஒரு தேநீர்க் கிளாஸில் பாதிகூட வராது. மாலை விளக்கு ஏற்றும் நேரத்தில், அல்லது தறிக்கு மேலே தொங்கும் பல்பின் சுவிட்சைப் போடும்போது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் மாற்றும் வேலையைத் தறி வீட்டுக்குள்ளும் திண்ணையிலும் செய்யவே கூடாது. தெருவில், காற்றோட்டமான இடத்தில், பகலில், வண்டி ஆறிய பிறகு செய்ய வேண்டும். பாத்திரத்தைத் தரையில் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் கேனில் நிலைமின்னூட்டம் சேரும் என்பதால் உலோகக் கேனே சரி. 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டமும், உரிமம் இல்லாமல் வீட்டில் வைக்கும் சிறிதளவு பெட்ரோலுக்குக் கண்ணாடி, பீங்கான், உலோகக் கலன்களைத்தான் சொல்கிறது.

வாயால் உறிஞ்சிச் சைபன் தொடங்கும் வழக்கம் இன்னமும் போகவில்லை. பெட்ரோலின் பிசுக்குக் குறைவு இங்கே ஆபத்தாக மாறுகிறது. புரை ஏறி ஒரு மிடறு மூச்சுக்குழாயில் போனால், அது நுரையீரலின் நுண்ணறைகளில் மெல்லிய படலமாகப் பரவிக் கடும் அழற்சியை உண்டாக்கும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; வெளியே வரும்போது மறுபடியும் நுரையீரலுக்குள் போகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பல்பு பம்பு வாங்கும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான்.

2023 பிப்ரவரியிலிருந்து 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளில் வரத் தொடங்கியது. பெட்ரோல் பிவிசி குழாயை மென்மையாக வைத்திருக்கும் வேதிப்பொருளைக் கரைத்து எடுத்துவிடும். நாளாவட்டத்தில் குழாய் விறைத்து விரிசல் விடும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு என்று குறிப்பிட்டு விற்கும் குழாயைக் கேட்டு வாங்குவது நல்லது.

கியர் ஆயிலுக்கும் பட்டுக்கும் உள்ள பகை வேறு விதமானது. பெட்ரோல் சேலையில் பட்டால் ஆவியாகிப் போய்விடும். பட்டுச் சேலைக்குப் பெட்ரோல் வாஷ் கொடுப்பதே நம் ஊர் வழக்கம். கியர் ஆயில் அப்படிப் போகாது. பற்கள் ஒன்றையொன்று நசுக்கும் இடத்தில் உலோகத்தைக் காப்பதற்காகக் கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மங்களை அதில் கலக்கிறார்கள். அந்தக் குமட்டும் நாற்றமே கந்தகத்தினுடையது. அசல் சரிகையில் இருப்பது வெள்ளியும் செம்பும், மேலே மெல்லிய தங்கப் பூச்சும். வெள்ளி, செம்பு இரண்டையுமே கந்தகம் கறுக்க வைக்கும். எண்ணெய்க் கையோடு பாவைத் தொடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்கு வேதியியலும் துணை நிற்கிறது. எண்ணெய் வேலைக்கென்று ஒரு பழைய சட்டை, தனித் துணி, சோப்பு வைத்துக்கொண்டு, அந்த வேலையை முடித்துக் கை கழுவிய பிறகே தறிப்பக்கம் போகலாம்.

நூல் பக்கமிருந்தும் பம்புக்குத் தொல்லை வரும். தறி வீட்டுக் காற்றில் பட்டு இழைத் துணுக்குகள் எப்போதும் பறந்துகொண்டிருக்கும். பம்பின் வால்வு பெரும்பாலும் ஒரு சிறு குண்டு. வட்ட விளிம்பில் உட்கார்ந்து எண்ணெயைத் திரும்ப விடாமல் அடைக்கும். அந்த விளிம்பில் ஒரு இழை குறுக்கே கிடந்தாலே குண்டு சரியாக உட்காராது. அடித்தது அடித்தபடி எண்ணெய் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். அதனால் வேலை முடிந்ததும் அதே ரகப் புது எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்சி வெளியே தள்ளிவிட்டு, குழாயின் இரண்டு முனைகளையும் அடைப்பான் போட்டு மூடி, எந்தத் திரவத்துக்கானது என்று பம்பின் மேலே எழுதி, தறி அறைக்கு வெளியே மாட்ட வேண்டும். வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் விட்டால் அது கமண்டல நாகநதி வரை போகும். வந்த கேனிலேயே நிரப்பி மூடி ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால், மறுசுத்திகரிப்புக்கு வாங்குகிறவர்களுக்காக வைத்திருக்கும் பேரலில் சேர்த்துக்கொள்வார்கள். கொடுப்பதற்கு முன் எவ்வளவு வந்தது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஊற்றியதைவிட வடிந்தது மிகவும் குறைவாக இருந்தால் அச்சின் ஆயில் சீல் எங்கோ கசிகிறது என்று பொருள்; அடுத்த வேலை அதைக் கண்டுபிடிப்பது.